அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையில் 'அரேஞ்சர்' என்றால் யார்? மேரி லூ வில்லியம்ஸ் ஏன் பெரிதாகப் பேசப்படுகிறார்?

ஒரு பாட்டை எந்தக் கருவி எங்கே எடுக்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று எழுதித் தருபவர்தான் அரேஞ்சர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சத்தம்தான் மிஞ்சும்.

நம்ம குமரி மாவட்டத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. உடுக்கை எப்போது ஏறும், குடம் எப்போது அடங்கும் என்பதில்தான் விஷயம். (இங்கே அது தாளில் இல்லை, பழக்கத்தில் வருகிறது.)

மேரி லூ அப்படியொரு அரேஞ்சர், பியானோ கலைஞரும்கூட. 1910-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். ஆன்டி கிர்க் என்பவரின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தார். அவர்களுக்கு அரேஞ்சராக எழுதியும் தந்தார். பெரிய ஜாஸ் குழுக்களை நடத்திய பென்னி குட்மேனும் டியூக் எலிங்டனும்கூட இவரிடம் எழுதி வாங்கினார்கள். 1940-களில் இவருடைய நியூயார்க் வீடு பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் போன்ற இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. 1954-ல் வாசிப்பதையே நிறுத்தினார். 1957-ல் கத்தோலிக்கரானார், அதே வருடம் மேடைக்கும் திரும்பினார். பிறகு ஜாஸிலேயே திருப்பலி இசை எழுதினார். நம்மூர்ப் பாடகர் குழுக்காரர்கள் அதை ஒருமுறை கேட்கலாம். 1981-ல் இறந்தார்.

ஜாஸ் என்றால் தோன்றியதை வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய குழுக்களில் தனி வாசிப்புதான் அப்படி, அதைச் சுற்றியிருப்பதில் பெரும்பகுதி எழுதி வைத்தது.