மூத்த வெல்டர்கள் நடுவே ஓர் இளம் சூப்பர்வைசர்

கேள்வி: திருவொற்றியூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த 26 வயது இளைஞரைச் சூப்பர்வைசர் ஆக்கி ஆறு மாதமாகிறது. நன்றாக வேலை தெரிந்தவர்; ஆனாலும் மூத்த வெல்டர்கள் அவரைத் தாண்டி நேராக என்னிடமே வருகிறார்கள். அவரை எந்தப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம்?

பதில்: வகுப்பைப் பிறகு பார்க்கலாம். உங்களிடம் வருகிறவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லி அனுப்புகிறீர்கள் என்பதை முதலில் கவனியுங்கள். அரை நாள் லீவு, எந்த ஜாப் அவசரம், யாருக்கு எந்த மிஷின் என்று எதைக் கேட்டாலும் நீங்களே தீர்த்துவைத்தால், அந்த இளைஞரின் பதவி பெயரளவுக்குத்தான் என்பது பட்டறை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

எல்லா அதிகாரத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டியதில்லை. அன்றாட வேலைப் பங்கீட்டை மட்டும் அவர் பொறுப்பில் விட்டு, அதை எல்லோரையும் கூட்டிவைத்து நீங்களே அறிவியுங்கள். அதன் பிறகு யார் வந்தாலும் "அவரிடம் கேட்டீர்களா?" என்பதற்கு மேல் பேசாதீர்கள். அவர் எடுத்த முடிவு தவறென்று பட்டாலும், ஆளுக்கு ஆபத்தோ பொருளுக்குப் பெரிய நஷ்டமோ இல்லாதவரை அதை எல்லோர் முன்னிலையிலும் மாற்றாமல், மாலையில் தனியே அழைத்து, ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்ட பிறகே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முதலாளிகளுக்கு இதுதான் மிகவும் கடினம்.

இருபது வருடமாக ஹோல்டர் பிடித்தவருக்கு அந்த இளைஞர் வெல்டிங் சொல்லிக்கொடுக்கப் போகவும் கூடாது. டிராயிங்கை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, எந்தப் பக்கம் முதலில் வெல்டு போட்டால் இந்தத் தகடு கோணாது?" என்று கேட்கட்டும், கேட்ட பிறகு முடிவைச் சூப்பர்வைசராக அவரே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திடட்டும்.

புகார்களைக் கையாள, 1940-இல் அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் ஜப்பானிலும் பரவிய டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) என்ற மேற்பார்வையாளர் பயிற்சி நான்கு படிகளைச் சொல்கிறது: விவரங்களைத் திரட்டுதல், ஆராய்ந்து முடிவெடுத்தல், செயல்படுத்தல், பலனைச் சரிபார்த்தல். புதிய சூப்பர்வைசர்கள் முதல் படியைத்தான் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் தாமதமாக வந்தவரின் சம்பளத்தைப் பிடிப்பதற்கு முன், அவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கினாரா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க வேண்டும். பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் 1918-லேயே உருவான வடசென்னை வட்டாரம் இது. அதட்டி வேலை வாங்குவது இங்கே எளிதில் எடுபடாது.

உங்கள் சூப்பர்வைசரின் சம்பளத்தையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம் வாங்கிக்கொண்டிருந்தவரைச் சூப்பர்வைசர் ஆக்கி, அதை நிறுத்திவிட்டு ஆயிரம், இரண்டாயிரம் மட்டும் கூட்டிக் கொடுத்தால், கைக்கு வருவது முன்பைவிடக் குறைந்துவிடக்கூடும். அப்படியானால் அவருக்குப் பொறுப்பில் மனம் ஒட்டாது.

இவையெல்லாம் இரண்டு மூன்று மாதம் நடந்த பிறகு, தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் மேற்பார்வையாளர்களுக்குப் பொருத்தமான குறுகியகாலப் பயிற்சி எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். கேட்பதற்குச் சொந்தக் கேள்விகளோடு போகிறவருக்குத்தான் அந்த வகுப்பு பயன்படும்.