கை என்ன செய்தது, தம்பி?

கணினி விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் படிவம் மூன்று படிக்கிறான். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் 30 வெள்ளிக்கு ஒரு சின்ன கேம் வாங்கித் தரச் சொல்கிறான். அதன் பக்கத்தில் ‘பெரும்பாலும் நல்ல கருத்து’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– ஓர் அம்மா, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அக்கா, அது மார்க் இல்லை, வெறும் தலைக்கணக்கு. வாங்கியவர்கள் கட்டைவிரலை மேலே காட்டலாம், அல்லது கீழே காட்டலாம். நடுவில் ஒன்றும் கிடையாது. நூற்றுக்கு 70 முதல் 79 பேர் வரை மேலே காட்டினால் நீங்கள் பார்த்த அந்த வரி வரும். ‘சும்மா பரவாயில்லை’ என்று நினைத்து நூறு பேரும் மேலே காட்டினால்கூட 100 விழுக்காடுதான்!

அதனால் நான் முதலில் படிப்பது விரலைக் கீழே காட்டியவர்களைத்தான். ‘அடிக்கடி சிக்கி நின்றுவிடுகிறது’ என்று பலர் புலம்பினால், வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். ‘ரொம்ப மெதுவாகப் போகிறது’ என்று புலம்பினால் விட்டுவிடுங்கள், உங்கள் மகனுக்கு அதுவே பிடித்துப்போகலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இது அவனுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். இண்டி கேம்களுக்கு (பெரிய நிறுவனம் இல்லாமல் தனியாளோ சின்னக் குழுவோ செய்பவை) தமிழில் விமர்சனம் எழுத ஆசை. ‘வெண்பா’ என்ற சமையல் கேம் பற்றி எழுதியதை அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: படித்தேன் தம்பி. ‘கதை நெஞ்சைத் தொடுகிறது, இசை அருமை, ஓவியம் கண்ணுக்குக் குளிர்ச்சி, 10க்கு 8’ என்று முடித்திருக்கிறீர்கள். இதை வெட்டி ஏதாவது ஒரு சினிமாவுக்குக் கீழே ஒட்டினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆடும்போது உங்கள் கை என்ன செய்தது? அதைக் காணவே இல்லையே!

‘வெண்பா’ 2023இல் டொரோண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. இதெல்லாம் நீங்கள் எழுதிவிட்டீர்கள், சரி. ஆனால் அம்மாவின் சமையல் குறிப்பு அழிந்துபோயிருக்க, இட்லித் தட்டுகளை எந்த வாக்கில் அடுக்குவது என்று நாமே முட்டி மோதிக் கண்டுபிடிக்கிறோமே, அந்த இடம் எங்கே? தப்பாக அடுக்கினால் யாரும் புள்ளி குறைப்பதில்லை, மறுபடி அடுக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பொறுமைதான் இந்த கேமின் குணம். அதைச் சொல்லாமல் ‘நெஞ்சைத் தொடுகிறது’ என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

இன்னொன்றையும் பாருங்கள். லூக்காஸ் போப் 2013இல் தனியாளாகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. நீங்கள் எல்லைச் சாவடி அதிகாரி. பாஸ்போர்ட்டை இழுத்து, விரித்து, தேதி பார்த்து, முத்திரை குத்த வேண்டும். மேசையை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார். காகிதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எத்தனை பேரின் காகிதத்தைப் பார்த்து முடித்தீர்களோ அவ்வளவுதான் அன்றைய சம்பளம். அதில்தான் வீட்டுக்குச் சாப்பாடு, குளிருக்கு வெப்பம் எல்லாம். வரிசையில் நிற்பவர் கண்ணீர் விடும்போது நமக்கு எரிச்சல் வருகிறது, தம்பி. சிங்கப்பூர் எல்லையில் ஜொகூர் பாலத்தில் நின்று அதிகாரியைத் திட்டியவர்கள் (நானும்தான்) ஆட வேண்டிய கேம். கொடுமை வசனத்தில் இல்லை, மேசையின் அளவில் இருக்கிறது. விமர்சகர் அந்த மேசையை அளந்து சொல்ல வேண்டும்.

‘பாவம், ஒரே ஆள் செய்தது’ என்று மார்க் அள்ளிப் போடும் பழக்கமும் வேண்டாம். பண்ணை வைத்துப் பயிர் வளர்க்கும் ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் நான்கு ஆண்டுக்கு மேல் தனியாக உட்கார்ந்து வரைந்து, இசையமைத்து, நிரல் எழுதி 2016இல் வெளியிட்டார். பெரிய உழைப்புதான். ஆனால் அதை விடிய விடிய ஆடுகிறவர்கள் அவர்மேல் இரக்கப்பட்டா ஆடுகிறார்கள்? அதில் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படும். பாதி நாளில் எழுந்து போக மனசு வராது. தூங்கி எழுந்தால் விளைந்த காய் நிற்கும், அதைப் பறிக்காமல் எப்படி மூடுவது? இந்த மாதிரி பூட்டைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

உங்கள் கட்டுரையில் ஒரு வரிக்கு உயிர் இருக்கிறது: ‘புட்டு செய்யத் தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டேன்.’ அம்மா வந்து திரையைப் பார்த்து என்ன சொன்னார்? அதை முதல் பத்திக்குக் கொண்டுபோங்கள். அந்த 8 மார்க்கை எடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம் என்று போடுங்கள். வாங்குகிறவருக்கு அதுதான் உதவும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கும் ‘கேண்டி கிரஷ்’ ஆடுகிறேன். அதெல்லாம் கேமே இல்லை என்கிறான் பேரன்.
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: பேரனை ஒரு கடினமான கட்டத்தை முடித்துக் காட்டச் சொல்லுங்கள் டீச்சர்! 2012இல் வந்தது, இன்னும் ஆடுகிறார்கள் என்றால் அந்த மிட்டாய் உடையும் சத்தத்தில் விஷயம் இருக்கிறது. என் குறை வேறு. ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்து உயிரும் போனால் ஒவ்வொன்றும் திரும்பி வர 30 நிமிடம், பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம். தொடக்கக் கட்டங்களில் எல்லாம் இனிக்கும், கல்லாப்பெட்டி பிறகுதான் கண்ணில் படும். ஆகவே பத்தாவது கட்டத்தோடு நிறுத்திவிட்டு யாராவது விமர்சனம் எழுதினால் நம்பாதீர்கள். நீங்கள் காத்திருக்கிற கட்சியா, காசு கொடுக்கிற கட்சியா?

கேள்வி: நம் ஊரில் செய்த கேம் ஒன்று சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’, 2020. கோலாலம்பூர் மெட்ரோனோமிக் நிறுவனம் செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வான் ஹஸ்மர் ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ என்ற பெரிய ஜப்பானிய கேமில் வேலை பார்த்தவர். ராக் இசைக்கார ஜோடி ஒன்று மின்னிசைப் பேரரசோடு மோதுகிறது. எதிரிகள் பாட்டின் தாளத்தில்தான் அடிப்பார்கள், ஆகவே சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடாதீர்கள், உதைதான் விழும்.