பேஸ் படகுக்கு 150 எச்.பி. போதுமா, 200 வேண்டுமா?

கேள்வி: டெக்ஸாஸில் ஃப்ரிஸ்கோ நகரில் இருக்கிறோம். எனக்கு வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள். பிடித்தமெல்லாம் போக மாதம் 9,200 டாலர் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், இரண்டு கார், பிள்ளைகள் செலவு, ஓய்வுக்கால சேமிப்பு போக 900 டாலர் மிஞ்சும். ஆறு மாத அவசர நிதி தனியாக இருக்கிறது. படகுக்கென்றே 14,000 சேர்த்து வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை ரே ராபர்ட்ஸ், லேக் ஃபோர்க் ஏரிகளில் பேஸ் மீன் பிடிக்கப் போகிறேன், இதுவரை நண்பர் படகில். இப்போது சொந்தமாகப் புதுப் படகு வாங்க ஆசை. 19 அடி ஃபைபர்கிளாஸ் படகு, ட்ரெய்லர், ட்ரோலிங் மோட்டார் (மீன் பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் சின்ன மின்மோட்டார்), தண்ணீருக்குள் மீனைக் காட்டும் சோனார் திரைகள் எல்லாம் சேர்த்து, 150 எச்.பி. எஞ்சின் என்றால் 48,500 டாலர், 200 என்றால் 54,000 என்கிறார் டீலர். படகின் தகட்டில் 200 வரை போடலாம் என்று இருக்கிறது. 8.5% வட்டியில் 15 வருடக் கடன். '200 போட்டால் மாதம் 54 டாலர்தானே கூடுகிறது' என்கிறார். 150-லேயே நின்று 5,500-ஐ மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமா? பக்கத்து வீட்டுக்காரர் 2013-ஆம் ஆண்டு எவின்ரூட் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒரு 19 அடிப் படகை 19,000-க்குத் தருகிறேன் என்கிறார், அது பரவாயில்லையா? இழுக்க எங்களிடம் டொயோட்டா ஹைலேண்டர் ஹைபிரிட் இருக்கிறது.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன ஹைலேண்டரிலிருந்து தொடங்குகிறேன். ஹைபிரிட் மாடலின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. இப்போது எடையைக் கூட்டுங்கள். 19 அடி ஃபைபர்கிளாஸ் படகின் வெற்று உடல் சுமார் 1,700 பவுண்டு. 200 எச்.பி. எஞ்சின் 505. ட்ரெய்லர் 900. நாலு பேட்டரி 200. 40 கேலன் பெட்ரோல் 244. தூண்டில், நங்கூரம், உயிர்காப்பு உடை, ஐஸ் பெட்டி என்று 200. மொத்தம் 3,749. காருக்குள் இன்னும் ஒருவர்கூட ஏறவில்லை.

150 எஞ்சின் போட்டால் எடை குறையுமே என்றால், குறைவது 25 முதல் 50 பவுண்டுதான். ஆக டீலர் காட்டிய இரண்டு விலையிலுமே உங்களுக்கு வேறு வண்டி தேவைப்படும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குதான். 5,500 டாலருக்கு யோசிக்கும்போது, பின்னால் ஒரு பிக்கப் டிரக்கின் தவணை நிற்கிறது. வரம்பை மீறி இழுத்தால் முதலில் படகுத்துறைச் சரிவில் ஏறும்போது திணறும். அடுத்து பிரேக், டிரான்ஸ்மிஷன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இந்த எடையைத்தான். டீலரிடம் படகின் எடையைக் கேட்டால் வெற்று உடல் எடையைத்தான் சொல்வார். எஞ்சின், ட்ரெய்லர், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடை எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

சரி, வண்டிப் பிரச்சினை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 19 அடிப் படகுக்கு 150 வேண்டாம்.

இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி கொள்திறன் தகடு கட்டாயம். அதில் இருக்கும் எச்.பி. எண் உச்சவரம்பு. அதைத் தாண்டி ஒரு எச்.பி.கூடப் போடக்கூடாது, போட்டால் இன்சூரன்ஸும் கடனும் சிக்கலாகும். ஆனால் அந்த எண்ணுக்கு ரொம்பக் கீழே போவதும் செலவுதான். நான் வைத்துக்கொள்ளும் அளவு 80 சதவீதம். 200-க்கு 150 என்பது 75.

இரண்டு பேர், நிரம்பிய மீன் தொட்டி (30 கேலன் தண்ணீரே 250 பவுண்டு), முழு டேங்க்: இந்தச் சுமையோடு படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, தண்ணீர்மேல் தட்டையாக ஏறும் வரைதான் எஞ்சினுக்கு உண்மையான பாடு. 150 அங்கேதான் திணறும். ஏறிய பிறகும் மணிக்கு 45 மைல் போக அதை 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேலே விரட்டியபடியே இருக்க வேண்டும். 200 அதே வேகத்தை நாலாயிரத்துச் சொச்சத்தில் நிதானமாகத் தரும். அதனால் பெட்ரோல் செலவில் 150 பெரிதாக மிச்சம் பிடித்துத் தராது. முழு வேகத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் குடிப்பது, தோராயமாக எச்.பி.யைப் பத்தால் வகுத்த கேலன், ஒரு மணி நேரத்துக்கு. எப்போதும் முழு வேகத்தில் ஓடும் 150-உம், முக்கால் வேகத்தில் ஓடும் 200-உம் பெட்ரோல் பங்கில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும்.

உள்ளே இருக்கும் எஞ்சினும் வேறு. யமஹாவின் வி-மேக்ஸ் எஸ்.எச்.ஓ. வரிசையில் 150, 175 இரண்டும் 2.8 லிட்டர் நாலு சிலிண்டர், 200-இலிருந்து 4.2 லிட்டர் வி6. மெர்குரி ப்ரோ எக்ஸ்.எஸ். வரிசையில் 150 என்பது 3.0 லிட்டர் நாலு சிலிண்டர், 200 என்பது 4.6 லிட்டர் வி8. கொடுக்கும் 5,500 வெறும் ஸ்டிக்கர் மாற்றத்துக்குப் போகவில்லை. மெர்குரியா யமஹாவா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டுக்கும் அடிப்படை உத்தரவாதம் மூன்று வருடம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் இருக்கிறாரோ, வசந்த காலத்தில் சர்வீஸுக்கு யார் சீக்கிரம் தேதி தருகிறாரோ, அதை வாங்குங்கள்.

லேக் ஃபோர்க்கில் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கின்றன. அடையாளமிட்ட படகுத் தடங்களை விட்டு விலகினால் 70 மைல் வேகத்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். 200-ஐ உச்ச வேகத்துக்காகச் சொல்லவில்லை. சுமையோடு கிளம்புவதற்கும், பின்னால் விற்பதற்கும் சொல்கிறேன். தகட்டு எண்ணைவிட 50 எச்.பி. குறைந்த படகை விற்கப்போனால், பார்க்க வருகிறவர் பின்பக்கத்தைப் பார்த்ததுமே விலையை அடிப்பார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. தொழிற்சாலைப் பொதியில் 5,500-க்குக் கிடைக்கும் வித்தியாசம், மூன்று வருடம் கழித்துத் தனியாகப் புது 200 மாட்டப்போனால் எஞ்சின், வயரிங், கன்ட்ரோல், கூலி எல்லாம் சேர்ந்து 20,000-ஐத் தாண்டும்.

டீலர் பொதியில் எதை வெட்டலாம் என்றால், சோனார் திரைகளை. முன்னோக்கிப் பார்க்கும் சோனார் ஒன்றே ஆயிரக்கணக்கில் விழுங்கும், இரண்டு வருடத்தில் அடுத்த மாடல் வந்துவிடும், நாலு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டக்கூடியது. அதை இல்லாமல் விலை கேளுங்கள். எஞ்சினைக் குறைத்துத் திரையை வைத்துக்கொள்வது தலைகீழ்.

இனி அந்த '54 டாலர்தானே'. டெக்ஸாஸில் படகுக்கும் எஞ்சினுக்கும் 6.25% வரி. 5,500 வரியோடு 5,844 ஆகிறது, 8.5%, 15 வருடத்தில் மாதம் 57.55, முடிவில் கட்டியிருப்பது 10,358. முழுப் படகுக்குப் போட்டால் இன்னும் கசக்கும். 54,000 வரியோடு 57,375. உங்கள் 14,000 போகக் கடன் 43,375. 15 வருடத் தவணை 427, மொத்த வட்டி 33,500-க்கு மேல். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 34,450 இருக்கும். அதற்குள் படகின் விலை 40 சதவீதம் இறங்கியிருந்தால், விற்றால் கிடைப்பது 32,400. விற்பதற்கே கையிலிருந்து இரண்டாயிரம் போட வேண்டும்.

இதே கடனை 7 வருடமாக்கினால் தவணை 687. படகை நிறுத்த வாடகை (வீட்டு முன் நிறுத்த குடியிருப்போர் சங்கம் விடுகிறதா என்று பாருங்கள், பல இடங்களில் விடாது), இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் மாதம் 280 வைத்தால் 967. உங்களிடம் மிஞ்சுவது 900. டீலர் 15 வருடம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னது இதனால்தான். 7 வருடத்தில் கட்ட முடியாத படகை 15 வருடத்தில் கட்ட முடிவதுபோலக் காட்டலாம். வரியில் வட்டிக் கழிவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படகை இரண்டாவது வீடாகக் காட்டித் தள்ளுபடி பெற, அதில் படுக்கை, சமையலிடம், கழிப்பறை மூன்றும் வேண்டும். பேஸ் படகில் ஒன்றும் கிடையாது.

ஆகவே என் பதில்: எஞ்சினைக் குறைக்காதீர்கள், படகைக் குறையுங்கள். 18 அடி அலுமினியப் படகு, தகட்டில் 115, போடுவதும் 115. வெற்று உடல் சுமார் 1,100 பவுண்டு, எஞ்சின் 360, ட்ரெய்லர் 600, பேட்டரியும் பெட்ரோலும் 300, சாமான் 200. மொத்தம் 2,560 பவுண்டு. உங்கள் ஹைலேண்டர் இழுக்கும். 32,000 டாலருக்குள் பேசி முடித்தால் வரியோடு 34,000, கடன் 20,000, 5 வருடத்தில் மாதம் 410. நடத்தும் செலவு 250 சேர்த்தாலும் 660. மாதம் 240 டாலர் மிச்சம், ஐந்தாம் வருடம் படகு முழுக்க உங்களுடையது. குறை ஒன்று உண்டு: ரே ராபர்ட்ஸின் திறந்த நீரில் காற்றடித்தால் அலுமினியப் படகு முதுகைப் பதம் பார்க்கும். அந்த நாட்களில் ஓடைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுப் படகு எடையில் முதல் படகுக்குத் தம்பிதான், ஹைலேண்டர் இழுக்காது. அது போக, எவின்ரூட் உற்பத்தியை பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாதம் நிறுத்திவிட்டது. நல்ல எஞ்சின்தான், ஆனால் மெக்கானிக்குகளும் உதிரிபாகமும் வருடத்துக்கு வருடம் குறையும். விலையில் அது தெரிய வேண்டும். இழுக்க நண்பரின் டிரக் நிரந்தரமாக உண்டு என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் ஒரு மெக்கானிக்கைக் காசு கொடுத்துக் கூட்டிப்போய் கம்ப்ரஷன் (சிலிண்டர்களின் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பிவிடுங்கள். கீழ் கியர்ப்பெட்டியின் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். எஞ்சின் கணினியில் எந்த ஆர்.பி.எம்.மில் எத்தனை மணி ஓடியது என்ற பதிவு இருக்கும்; அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும், பணம் கட்டும் முன் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேர், பாதி டேங்க், முழு வேகம். பல எஞ்சின்களுக்கு முழு வேக வரம்பு 5,000 முதல் 6,000 ஆர்.பி.எம்.; உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும். மேல்முனையை ஒட்டி நிற்க வேண்டும். வெறும் 5,000-இல் முனகினால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். அதை அப்படியே விட்டால் நாலாவது கியரில் மலையேறும் காரைப்போல எஞ்சின் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். சரியான ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பெல்லரை டீலர் தன் செலவில் மாற்றித் தர வேண்டும் என்பதை பில்லிலேயே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அறுநூறு டாலர் உங்கள் தலையில்.

நீட்டிப்பு உத்தரவாதம் எடுத்தால் எஞ்சின் கம்பெனியின் சொந்தத் திட்டத்தை மட்டும் எடுங்கள். பெயர் தெரியாத மூன்றாம் நிறுவனத்தினுடையது வேண்டாம், அதைக் கடனில் சேர்த்து எழுதவும் விடாதீர்கள். 100 மணிக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) மூன்று வருடத்தில் மாற்றுங்கள். பெட்ரோல் பங்கில் கொஞ்சம் மலிவாக '88' என்று ஒரு குழாய் இருக்கும். அதில் 15% எத்தனால். படகு எஞ்சினில் ஊற்றச் சட்டப்படியே தடை, உத்தரவாதமும் போகும். 10% வரைதான் அனுமதி.

டெக்ஸாஸில் படகுக்கு ஒன்று, பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஒன்று என இரண்டு டைட்டில் (உரிமைப் பத்திரம்) உண்டு. இரண்டையும் தருவது மாநில பூங்கா, வனவிலங்குத் துறை. எஞ்சின் தாங்கியில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணை ஃபோனில் படமெடுத்து, டைட்டில் விண்ணப்பத்திலும் கடன் பத்திரத்திலும் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.