டாடா, மஹிந்திராவுக்கு வெளிநாட்டு மின்சாரக் கார்களால் எங்கே அடி விழும்?

கேள்வி: எம்ஜி, வின்ஃபாஸ்ட் எல்லாம் வந்துவிட்டன. நம்மூர் கம்பெனிகள் தாக்குப்பிடிக்குமா? கடலூரில் இருப்பவர் எதைப் பார்த்து வாங்குவது?

சுங்கவரியை நம்பி உட்கார முடியாது. முழுதாகக் கப்பலில் வந்திறங்கும் காருக்குப் பொதுவாக 70 சதவீதத்துக்குக் குறையாத வரி. உதிரிகளாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி வெகுவாகக் குறையும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது அதனால்தான். அதற்காக வெளிநாட்டுக்காரன் என்றாலே ஜெயித்துவிடுவான் என்றும் இல்லை. மறைமலைநகர் ஃபோர்டு 2021-இல் மூட்டை கட்டுவதாக அறிவித்து 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதைப் பார்த்தோமே.

விலையில் குடைச்சல் வேறு விதமாக வருகிறது. 2024-இல் எம்ஜியின் வின்ட்சர் காரை பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்று அறிவித்தார்கள். மாதம் 1,500 கி.மீ. ஓடினால் வாடகை மட்டும் 5,250. சார்ஜ் செலவு தனி. நிறைய ஓட்டுபவருக்குக் கட்டாது, ஆனால் ஷோரூம் வாசலுக்கு ஆளை இழுத்துவிட்டது.

உண்மையான பலவீனம் காருக்குள்ளே. பேட்டரி செல்லும் மோட்டார் காந்தமும் பெரும்பாலும் சீனச் சரக்கு. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே கையிருப்பை எண்ணத் தொடங்கினார்கள். சீனக் கார் கம்பெனி பிஒய்டி செல்லைத் தானே செய்கிறது. நம்மவர்கள் வாங்கிப் பூட்டுகிறார்கள். இதைச் சரிசெய்யப் பல வருஷம் பிடிக்கும்.

நம்மவர்கள் கையில் இருக்கும் பலம் சர்வீஸ். கடலோரத்தில் அதுதான் பேசும். உப்புக் காற்றும் மழைநீரும் உயர் மின்னழுத்த கனெக்டரின் ரப்பர் சீல் வழியே இறங்கினால், மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷன் குறையும். இந்தத் தடையை வோல்ட்டுக்கு 500 ஓம் என்று கணக்கிட்டால் 400 வோல்ட் பேட்டரிக்கு 2 லட்சம் ஓம் வேண்டும். அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். சில கார்களில் பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் மூடாது, வண்டி கிளம்பாது. இதைச் சாதாரண மெக்கானிக் தொடக்கூடாது. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, கையுறையைக் கழற்றாமல் மீட்டர் வைத்து மின்னழுத்தம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இல்லையென்றால் கார் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போகும்.

எனவே புக்கிங் பணம் கட்டுமுன் கேளுங்கள்: உயர் மின்னழுத்த வேலை கடலூரிலோ புதுச்சேரியிலோ நடக்குமா? பேட்டரியில் ஒரு மாட்யூல் (செல்களின் ஒரு தொகுப்பு) பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்களா, முழு பேக்கையுமா? 'வாழ்நாள் வாரன்ட்டி' பெரும்பாலும் முதல் உரிமையாளருக்குத்தான். விற்றால் வாங்குபவருக்கு எத்தனை வருஷம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.