மல்லாட்டைக் கொல்லையில் உடும்பு

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு 35 நாள் ஆகிறது. இலையெல்லாம் கருகி மடங்குகிறது. கொல்லையில் ஒரு பெரிய உடும்பு சுற்றுகிறது, அங்கங்கே தோண்டியும் வைத்திருக்கிறது. பிடித்துக்கொண்டு போக ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஐந்தடி உடும்பு கண்ணில் பட்டதால் பழி அதன் மேல் விழுந்துவிட்டது. உங்கள் இலையைக் கருக்கியது, இறக்கையை விரித்தால் ஒரு சென்டிமீட்டர் அளவே வரும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. சுருள் பூச்சி என்று நம் பக்கம் சொல்வது அதைத்தான். கருகிய இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள்; பழுப்பாக ஒரு கொப்புளம் தெரியும். ஒட்டிக் கிடக்கும் இலைகளை நகத்தால் பிரித்தால் கருந்தலையோடு வெளிர்பச்சைப் புழு நெளியும். சின்னதில் இலைக்குள்ளேயே குடைந்து தின்னும், வளர்ந்ததும் இலைகளை நூலால் பின்னி மடித்துக்கொள்ளும்.

உடும்பு இலை தின்னாது. வண்டு, நண்டு, நத்தை, எலி, முட்டை என்று கிடைப்பதைத் தின்னும். மண்ணிலிருக்கும் வண்டுக்காகத் தோண்டும்போது நாலு செடி சாயும், அவ்வளவுதான்.

அந்தப் பிடிக்கிறவர் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கறியையும் எண்ணெயையும் வேறு ஒருவரிடம் விற்பார். உடும்பின் ஆணுறுப்பைக் காயவைத்து அதிர்ஷ்ட வேர் என்று விற்கிற கும்பலே இருக்கிறது. 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி இது. சிக்கினால் 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்ன உங்களையும் வழக்கில் சேர்ப்பார்கள்.

கோழி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. முட்டையையும் குஞ்சையும் உடும்பு எடுக்கும், அதை மறுக்க மாட்டேன். அது பகலில் திரியும் பிராணி. அதனால் முட்டையைச் சாயங்காலம் வரை விடாமல் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். கூண்டின் அடிப்பக்கம் கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கிக் கட்டுங்கள், ஏனென்றால் அது தோண்டிக்கொண்டு வரும். அடைகோழி இருக்கும் மூலைக்குத் தனிக் கதவு போடுங்கள். ராத்திரியில் முட்டை போனால் எடுத்தது உடும்பு இல்லை. அப்புறம், வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கம்பை எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுருள் பூச்சிக்கு வருவோம். ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு புழு தென்பட்டாலே 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீராக்கி, கொஞ்சம் சோப்பும் கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள். நல்ல மழை பெய்தாலும் புழு குறையும். மூன்று மருந்தைக் கலந்து, கூடவே ஒரு டானிக்கையும் பில் இல்லாமல் தலையில் கட்டும் கடையில் மட்டும் ஏமாறாதீர்கள். வேளாண் அலுவலரைப் பார்க்க நாலு முறை அலைய வேண்டியிருப்பதால்தான் விவசாயி கடைக்காரரிடம் போய் யோசனை கேட்கிறார். இந்த நிலைமையை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! சந்தேகம் தீராவிட்டால் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, கவரில் போட்டு, விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கே நேரில் எடுத்துப் போங்கள்.