தோல் முட்டையும் அப்பத்தாவோட கிளிஞ்சலும்

"அண்ணே வணக்கம். மண்டபம் பக்கத்துலேர்ந்து எழுதுறேன். கோழி பொட்டாசியத்த கால்சியமா மாத்தித்தான் முட்டை ஓடு செய்யுது, இத கெர்வ்ரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சாருன்னு ஒரு வீடியோ பாத்தேன். பாப்பாவோட ஸ்கூல் எக்ஸிபிஷன்ல இத வைக்கலாமா? என் வீட்டுக்காரி மாசமா இருக்கா, அவளும் பாத்துட்டு கால்சியம் மாத்திரைய நிறுத்திட்டு வாழைப்பழமா சாப்பிடுறா. நம்ம சித்தருங்களும் ரசவாதம் சொல்லிருக்காங்கள்ல?"

தம்பி,

மொதல்ல அந்த மாத்திரைய இன்னைக்கே எடுத்துக் குடுங்க. வாசிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு. சாப்பாட்டுல பத்தலேன்னா வயித்துப் புள்ள தாயோட எலும்புலேர்ந்து எடுத்துக்கும், வீடியோ போட்டவனா வந்து குடுக்கப் போறான்? வாழைப்பழம் சாப்பிடட்டும், நல்லதுதான், ஆனா அதுல இருக்குற பொட்டாசியம் கடைசி வரைக்கும் பொட்டாசியம்தான். சித்தர் பேச்சு இங்க வேணாம், அது வேற.

கோழின்னு எழுதினீங்கள்ல, ரெண்டு நாளா அப்பத்தா நெனப்பாவே இருக்கு. கரையில பொறுக்குன கிளிஞ்சல உரல்ல போட்டு குருணையா இடிச்சு தவிட்டோட பிசைஞ்சு வைக்கும். ஒரு ஐப்பசியில காய்ச்சல்ல படுத்துருச்சு, கிளிஞ்சல் இடிக்க ஆள் இல்ல. ஆனாலும் கொஞ்ச நாள் முட்டை நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஓடு மெலிஞ்சு, ஒருநாள் காலையில தோல் முட்டை. கையில எடுத்தா ஈரத்துணி மாதிரி தொளதொளன்னு, விரல் வச்ச எடம் குழிஞ்சு அப்படியே நிக்குது. அப்பத்தா படுத்தபடியே, "இத்தன நாளும் கடன் வாங்கி போட்டுச்சுடா"ன்னுச்சு.

அந்தக் கடன் எங்கேர்ந்துன்னு பல வருசம் கழிச்சுத்தான் படிச்சேன். முட்டையிடுற கோழிக்கு எலும்புக்குள்ளயே ஒரு தனி எலும்பு வளரும், சேமிப்பு மாதிரி. ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேணும், தீனியில பத்தாதப்போ அங்கேர்ந்து எடுக்கும். 1799ல வாக்லான்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் கோழிக்கு ஓட்ஸ் மட்டும் போட்டு, உள்ள போன சுண்ணாம்பவிட ஓட்டுலயும் எச்சத்துலயும் வந்தது அதிகம்னு கணக்கு காட்டுனாரு, ஆனா எலும்புல இருந்தது அந்தக் கணக்குலயே வரல. கெர்வ்ரான் அதத்தான் பிடிச்சுக்கிட்டாரு. இருப்பு எவ்வளவுன்னு பாக்காம வரவையும் செலவையும் மட்டும் பாத்துட்டு பணம் தானா முளைச்சுச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா தம்பி? மீன் ஏலத்துல காலணா கணக்குக்கு சண்டை போடுற ஊரு நம்ம ஊரு!

இன்னொன்னும் இருக்கு. ஒரு பொட்டாசியம் அணுவுல ஒரு புரோட்டான் சேந்து கால்சியமானா 8.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சக்தி வெளிய வரணும். ஒரு முட்டை ஓட்டுக்கே கணக்கு போட்டா சுமார் 10 டன் டிஎன்டி வெடிக்கிற அளவு. கோழி அடைகாத்த கூடை இருக்குமா, எங்க தெரு இருக்குமா?

உங்க வாசல்ல நின்னு கடலப் பாருங்க. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கிட்ட கால்சியம் அந்தத் தண்ணியிலயே கரைஞ்சு கெடக்கு. சங்கும் சிப்பியும், மன்னார் வளைகுடாவுல 21 தீவச் சுத்தியிருக்குற பவளமும் அதத்தான் எடுத்து எடுத்து ஓடா கட்டுது. கொஞ்சங்கொஞ்சமா சேத்த அந்த உழைப்ப இல்லேன்னுட்டு மாயம்னு சொல்றதுதான் எனக்குப் பொறுக்கல.

அப்பத்தா எந்திரிச்சதும் மொத வேலையா சுவத்தப் பிடிச்சுக்கிட்டே உரல்கிட்ட வந்து உக்காந்துச்சு. கிளிஞ்சல் போட்ட கொஞ்ச நாள்லயே ஓடு கெட்டியாயிருச்சு.

எக்ஸிபிஷனுக்கு பாப்பா கிளிஞ்சல வினிகர்ல போட்டு நுரை வர்றத காட்டட்டும், போதும். தங்கச்சி மாத்திரை போட்டுச்சான்னு நாளைக்கு ஒரு வரி எழுதுங்க.