போர்க்காலக் கனிமங்களும் உங்கள் மகளின் நிலவியல் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் நிலவியல் படிக்க விரும்புவதையும், அது சுரங்கத்துக்குள் இறங்கும் வேலையாயிற்றே என்று வீட்டில் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். நாடுகள் கனிமங்களுக்காக முட்டிக்கொள்வதால் இத்துறைக்கு இனி நல்ல காலம் என்பது அவர் வாதம். விருப்பம் சரி, காரணம் பாதிதான் சரி.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தங்கமும் ஆன்டிமனி என்னும் தனிமமும் எடுத்துவந்த யெல்லோ பைன் சுரங்கத்தில், துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளில், டங்ஸ்டன் உலோகம் அடங்கிய ஷீலைட் என்னும் கனிமம் இருப்பதை 1941-இல் அரசு நிலவியலாளர் டொனால்டு ஒயிட் கண்டறிந்தார். வெறும் பார்வைக்குச் சாதாரணக் கல்லாகத் தோன்றும் ஷீலைட், புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். எஃகை வெட்டும் கருவிகளுக்கு டங்ஸ்டன் இன்றியமையாதது. சீனாவிலிருந்து வந்த வரத்தோ ஜப்பானியப் படையெடுப்பால் தடைபட்டிருந்தது. அதனால் அச்சுரங்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டின் முதன்மையான டங்ஸ்டன் சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் 1952-இல் அங்கே உற்பத்தி நின்றது. போர் கொண்டுவரும் கிராக்கி அப்படித்தான். அதை நம்பி மட்டும் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கல்லைப் படிக்கத் தெரிந்தவருக்கோ ஒரு கனிமம் போனால் இன்னொன்று வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தை 1909-இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் கண்டபோது, அதிலிருந்த தோரியம் என்னும் உலோகம் கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு வேண்டியிருந்தது; இன்று அதே மோனசைட்டை மின்மோட்டார்க் காந்தங்களுக்கு உதவும் அருமண் தனிமங்களுக்காகத் தேடுகிறார்கள்.

நிலவியல் வேறு, சுரங்கப் பொறியியல் வேறு. நிலவியலாளர் பெரும்பாலும் வெளியில் நடந்து பாறைகளை வரைபடமாக்குபவர். இளநிலைக்குப்பின் முதுநிலையும் முடித்தால், 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு (ஜிஎஸ்ஐ) யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலர் தேர்வை எழுதலாம். முதுநிலை இல்லாமல் அந்த வாசல் திறக்காது என்பதால், ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட்டே தொடங்குங்கள். சுரங்கத்துக்குள் இறங்க நேர்ந்தாலும் தடையில்லை: நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பெண்களை அமர்த்த 2019-இல் அனுமதி கிடைத்துவிட்டது.

உண்மையான சிரமம் வேறிடத்தில் இருக்கிறது: வெயிலில் சுத்தியலும் திசைகாட்டியுமாக, ஆண்டில் பல மாதங்கள் முகாமில் தங்க வேண்டியிருக்கும். ஆகவே சேர்க்கைக்குமுன் கல்லூரித் துறைத்தலைவரிடம், மாணவர்களை எத்தனை நாள் களப்பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை உங்கள் மகளும் உடனிருந்து கேட்கட்டும்.